புஷ்பலதாவின் காலிக் கட்டங்கள்

செல்போனைக் காலிக் குடத்துக்குள் இறக்கிவிட்டு, குடத்தின் வாயில் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறார் புஷ்பலதா. மூன்று நிமிடம் அசைவில்லை. பிறகு எழுந்து, மடியில் கிடக்கும் கிராப் தாளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் நான்கு கட்டங்களில் எழுதுகிறார். மறுபடி குடம். மறுபடி நான்கு கட்டம். பக்கத்து வீட்டில் விசைத்தறிகள் நான்கும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அவருக்கு மட்டும் குடத்துக்குள் யாரோ அடிக்குரலில் ஊதுவது கேட்கிறது.

"போன்ல கீழ் சத்தம் சரியா வராதுங்க சார். கொடத்துல போட்டா கொஞ்சம் எடுத்துக் குடுக்கும். இயர்போன் போட்டு பாத்தேன், எனக்கு ஒத்துக்கல. காதுக்குள்ள ஆள் பூந்துட்ட மாதிரி இருக்குது."

வயது நாற்பத்து நான்கு. ஊர் அம்மையார்குப்பம். தொழில், சேலைக்கு டிசைன் போடுவது. தறியில் பூ விழச் செய்யும் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்துவதற்கு முன்னால், எந்த இழை மேலே வர வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் போட்டே டிசைன் வந்துவிடுகிறது. ஆனாலும் நெய்து பார்க்கும்போது எங்கேயாவது உறுத்தினால், அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு ஆர்.கே.பேட்டையிலிருந்துகூட இவரிடம் வருகிறார்கள். தாளை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இங்க ஒரு கட்டம் அதிகம்ங்க" என்பார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு நெய்தால் உறுத்தல் போய்விடுமாம்.

நானும் சேலை விஷயமாகத்தான் போனேன். என் மனைவிக்குச் சேலை உடலில் தெளித்த மயில் புட்டாவில் ஒரு சந்தேகம். புஷ்பலதாவின் மடியில் இருந்த தாளில் பதினோரு வரிசை, வரிசைக்கு ஒரு நிறம். நடுநடுவே நிறையக் காலிக் கட்டங்கள். ஏதோ புதுமாதிரிச் சேலை என்று நினைத்துக்கொண்டு, என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது பொடவ இல்லங்க சார். பாட்டு" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேண்டு செட் என்றாலே எனக்கு ஆகாது. என் வீடு திருத்தணி மலையடிவாரத்தில், கல்யாண மண்டபங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் இருக்கிறது. முகூர்த்த நாளில் விடிவதற்குள் நான்கு செட் கடந்துபோகும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் எல்லாமும் ஒரே பாட்டை, ஒரே நேரத்தில், மூச்சுள்ள மட்டும் ஊதும். யார் அதிகம் ஊதினார் என்பதுதான் அங்கே சங்கீதம். இந்தத் தெருவில் பத்து வருடம் குடியிருந்து காது பழுத்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு பெண்மணி பேண்டு செட்டுக்கு ஆளுக்கொரு சுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், எழுந்து போயிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பம் ஒரு சட்டையில்தான். புஷ்பலதாவின் கணவர் கஜபதி ஊர்ப் பேண்டு செட்டில் இருபத்தாறு வருடமாக யூபோனியம் ஊதுகிறார். மடியில் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடிக்கிற அந்தப் பெரிய குழல். கஜபதி அத்தை மகன் என்பதால் அவரைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறார். பேண்டு மாஸ்டர் வரதராஜன் இரண்டு வருடம் முன்பு, புது யூனிபாரத்துக்கு நல்ல மாதிரி ஒன்று பார்த்துக் கொடு என்று புஷ்பலதாவிடம் சொல்லியிருக்கிறார். போனில் தேடிக்கொண்டு போனவர் கண்ணில் ஒரு வீடியோ பட்டது. கறுப்புக் கோட்டு போட்ட பதினேழு பேர் மூன்று வரிசையாக உட்கார்ந்து ஊதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் 'பிக் பேண்டு' என்று சொல்லும் பெரிய செட்.

"கோட்ட பாக்கலாம்னுதான் பாத்தேன். அப்பறம் பாத்தா ஆளுக்கு ஆள் எதிர்ல ஒரு பேப்பர் வச்சிகினு இருக்காங்க. ஒரே பாட்டுதான், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான், அப்பறம் எதுக்கு ஆளுக்கொரு பேப்பரு? அன்னிக்கு ஃபுல்லா எனக்கு அதே யோசன. சோறு தீஞ்சிடுச்சி."

யூனிபாரம் போன இடம் தெரியவில்லை. அந்த வீடியோவில் நாற்பது விநாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஓர் ஆளாகக் கேட்க ஆரம்பித்தார். முதல் நாள் இடது கோடியில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் மட்டும். மற்ற பதினாறு பேரும் அன்றைக்கு இல்லை. அடுத்த நாள் அவருக்குப் பக்கத்து ஆள். பதினேழு நாளில் பதினேழு பேரும் முடிந்தார்கள். நெருக்கமாக நெய்த துணியிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஏற்கனவே இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நானும் வீட்டுக்கு வந்து அதே துண்டை முயன்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலிதான் வந்தது.

பாடம் நடத்துகிற வீடியோக்களும் நிறையப் பார்த்திருக்கிறார். எல்லாம் இங்கிலீஷ். பேச்சு புரியாது. ஊதிக் காட்டுவது புரியும். மேலே ஓடுகிற பாட்டு ஒன்று, அதற்குக் கீழே ஒட்டி நடக்கும் குரல் ஒன்று, இரண்டுக்கும் அடியில் தரை மாதிரி நிற்கும் குரல் ஒன்று, பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் பதில் சொல்லும் குரல் ஒன்று. இத்தனையையும் அவர் தன் பாஷையில் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார். மெட்டு என்பது பார்டர். கூடவே நடப்பதும் அடியில் நிற்பதும் உடல். பதில் சொல்வது புட்டா. "நம்ம செட்டுல எல்லாரும் பார்டரே ஊதறாங்க சார். பொடவ முழுக்க ஜரிகையா போட்டா எவ கட்டுவா?"

இதில் ஆச்சரியம், அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடவும் வராது. ஒரு வரி பாடிக் காட்டினார், கேட்கும்படியாக இல்லை. நான் கொஞ்சம் விஷமமாக, தாளை மூடச் சொல்லிவிட்டு, "மூணாவது கிளாரினெட்டுக்கு இருபத்திரண்டாவது கட்டத்துல என்ன?" என்று கேட்டேன். "ரி. அதுக்கு முந்தின கட்டம் காலி. அந்த ரி-க்கு மேல சாக்ஸு இருக்குது, கீழ பாவா இருக்காரு" என்றார். தாளைத் திருப்பினேன். ரி. முந்தின கட்டம் காலி. இன்னும் ஆறு இடத்தில் கேட்டேன். ஆறும் சரி. பதினோரு பேர் ஒரே நேரத்தில் வேறுவேறாக ஊதுவதை, சத்தமே இல்லாமல், ஒரு மனுஷி தலைக்குள் வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார். சேலையை மறந்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஏன் இவ்வளவு பாடு என்று அடுத்த முறை போனபோது கேட்டேன். தயங்கிவிட்டு, கஜபதி கடைக்குப் போன பிறகு சொன்னார்.

"அவருக்கு மேல் பல்லு முன்னால ரெண்டும் ஆடுதுங்க. அந்தக் கொழாய வாயில அழுத்தி வச்சாதான் சத்தம். அழுத்தறது எல்லாம் பல்லு மேலதான். ஆடிக் கிருத்திகை முடிஞ்சதும் எடுத்துடணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. கட்டுப்பல்லு வச்சிகினு ஊதறவங்களும் இருக்காங்கதான். ஆனா அது வேற வாயிங்க. இருவத்தாறு வருசமா ஊதறாரு. அவரு ஊதறது ஒருத்தரு காதுலயும் வுழுந்தது இல்ல. அவரு காதுலயே வுழுந்தது இல்ல. பல்லு போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ ஜனங்க கேக்கணும்."

கஜபதியிடமும் பேசிப் பார்த்திருக்கிறேன். அதிகம் பேசாதவர். செட்டில் எப்போதும் கடைசி வரிசை. "நான் வரலன்னா இன்னாமோ கொறையுதுன்னுவாங்க. இன்னா கொறையுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, யார் மேலும் கோபமில்லாமல் சிரித்தார்.

வைகாசியில் முதல் ஒத்திகை. ஓடாமல் கிடக்கும் விசைத்தறிக் கொட்டகை ஒன்றில் செட் முழுவதும் கூடியது. ஊதுகிறவர்கள் பதினோரு பேர், அடிக்கிறவர்கள் மூன்று பேர். புஷ்பலதா ஆளுக்கொரு கிராப் தாள் கொடுத்தார். எல்லாருக்கும் தெரிந்த காவடி மெட்டு ஒன்று. கட்டத்துக்குள் ச, ரி, க என்று தமிழில் சுரம். ஒரு கட்டம் ஒரு அடி. காலிக் கட்டத்தில் ஊதக்கூடாது. வரதராஜன் கையை ஆட்டினார். பதினோரு பேரும் தாளைப் பார்த்து ஊதினார்கள்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. வெளியே படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. டிரம்பெட்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சாக்ஸபோன் பூபாலன் மட்டும், தாளில் உள்ளதைத்தானே ஊதுகிறேன் என்ற பிடிவாதத்தில் தனியாகக் கடைசிக் கட்டம்வரை ஊதி முடித்தார். வரதராஜன் நல்ல மனிதர்தான், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யம்மா, நீ பொடவைய பாத்துக்கோ. பேண்ட எங்கள்ட்ட வுட்டுடு" என்றார். புஷ்பலதா தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கஜபதி குழலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அத்தோடு தீர்ந்தது என்றே நினைத்தேன். மறுநாள் காலை அவர் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் போனார். எல்லாரிடமும் ஒரே வேண்டுகோள்: "அண்ணா, உங்க ச-வ மட்டும் ஒரு தடவ ஊதுங்க." பூபாலன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊதினார். பதினோரு ச-வும் போனில் ஏறின. குடத்தில் போட்டுக் கேட்டார். சாயங்காலத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது.

இந்தச் செட்டுக்காரர்கள் காதால் கற்றவர்கள். ஒருவர் ஊதினால் அதே சத்தம் வரும்வரை விரலை மாற்றிப் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள். சுரத்தின் பெயரோ அவரவர் விரலில் இருக்கிறது. இன்ன விரல் வைத்தால் ச என்று அவரவர் குரு சொன்னதுதான் ச. தாள் பார்த்து இதுவரை யாரும் ஊதியதில்லை. அதனால் ஒருவர் ச-வும் இன்னொருவர் ச-வும் வேறு என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டே ரெண்டு சாதிதாங்க. ஒம்போது பேருக்கு ஒரு ச. சாக்ஸு ரெண்டு பேருக்கு மட்டும் வேற ச. மத்தவங்களுக்கு எது ம-வோ, அதுதான் பூபாலண்ணனுக்கு ச. அப்போ மத்தவங்க ச ஊதற எடத்துல அவருக்கு ப-ன்னு எழுதணும். நான் எல்லாருக்கும் ஒரே ச-ன்னு நெனச்சிகினு எழுதிட்டேன். அவரு மேல தப்பே இல்ல. பாவம், தனியா நின்னு ஊதினாரு."

பெரிய பெரிய சங்கீதப் பள்ளிகளில் முதல் வருடம் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று பிறகு ஒரு நண்பர் சொன்னார். இவர் அதைப் பத்து வாசற்படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தார். சாக்ஸபோன் தாள்கள் இரண்டையும் புதிதாக எழுதினார். ஆனியில் மறுபடி கொட்டகை. இந்த முறை நாய்கள் படுத்தபடியே இருந்தன. எட்டுக் கட்டம் போனதும் பூபாலனுக்கும் இரண்டாவது கிளாரினெட்டுக்கும் நடுவில் ஏதோ பொருந்தி, கொட்டகையின் தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. ஊதிக்கொண்டிருந்தவர்களே ஊதுவதை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய தகராறு காலிக் கட்டத்தில் வந்தது. இரண்டாவது சரணத்தில் டிரம்பெட் மூன்றுக்கும் பதினாறு கட்டம் காலி. மெட்டும் அங்கே கிடையாது. கிளாரினெட்டுகள் அடங்கி நிற்க, யூபோனியம் மட்டும் தனக்கென்று ஒரு நடை நடக்கும். வரதராஜனே முதல் டிரம்பெட். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சும்மா நிக்கறதுக்கா டிரெஸ்ஸு போட்டுகினு வர்றோம்? ஊதறதுக்குக் கூப்ட்டா மூணு பேரு வேடிக்கை பாத்துகினு நிக்கறானுங்கன்னு சொல்ல மாட்டாங்க?"

"காலி கட்டம் வுட்டாதான் அண்ணா பூ தெரியும்" என்றார் புஷ்பலதா.

"அது துணி. இது காவடி. பாட்டு நின்னா காவடி எடுக்கறவன் காலும் நின்னுடும். சாமி காரியம் தங்கச்சி, வெளயாட்டு இல்ல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பூக்காவடியைத் தோளில் வைத்து ஆடுகிறவருக்குப் பிடிமானமே அந்த மெட்டுதான். அதைப் பதினாறு அடிக்குப் பிடுங்கிவிட்டு, இதுவரை யாரும் தனியாகக் கேட்டிராத ஒரு குழலை நம்பி நட என்றால் எப்படி? புஷ்பலதா வாதாடவில்லை. "பாவாவுக்கு இதான் கடைசி கிருத்திகைங்கண்ணா" என்றார். கடைசியில் வரதராஜன் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் ஒரே ஒரு தடவை. டிரம்பெட் கையிலேயே இருக்கும். ஒருத்தர் கால் தப்பினாலும் அந்த நிமிடமே மெட்டை எடுத்துவிடுவார். அப்புறம் எப்போதும் பழைய மாதிரிதான்.

ஆடிக் கிருத்திகையன்று காலை எட்டு மணிக்கெல்லாம் மலையடிவாரத்தில் காலை வைக்க இடமில்லை. மஞ்சள் துணியும் சாமந்தியும் வியர்வையுமாக ஜனம் நெரிந்தது. வழக்கமாக அன்றைக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கிடப்பவன், இந்த வருடம் ஒரு பூக்கடை ஓரமாக இடம் பிடித்து நின்றேன். அம்மையார்குப்பத்துக் காவடிகள் பன்னிரண்டு வந்தன. முன்னால் வரதராஜன், கடைசி வரிசையில் கஜபதி. புஷ்பலதா சாலைக்கு எதிர்ப்பக்கம் பெண்களோடு பெண்ணாக நின்றார். சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

பல்லவி எப்போதும் போலத்தான் ஆரம்பித்தது. முதல் சரணத்தில் சாக்ஸபோன் பதில் சொன்னபோது இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது சரணம் வந்தது. டிரம்பெட் மூன்றும் சட்டென்று இறங்கின. ஜனச் சத்தத்துக்கு நடுவில் பாட்டு திடீரென்று பள்ளத்தில் விழுந்ததுபோல் ஆயிற்று. முன்னால் ஆடிக்கொண்டிருந்த ஒரு காவடிக்காரர், ஐம்பது வயதிருக்கும், வேல் குத்திய வாயோடு, தூக்கிய காலை வைக்கத் தெரியாமல் நின்றுவிட்டார். வரதராஜன் டிரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனார். புஷ்பலதா கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. கடைசி வரிசையிலிருந்து, அவசரமில்லாமல், கனமாக, ஒரு குரல் தரையோடு வந்தது. காதில் கேட்டதா, காலில் ஏறியதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பத்து வருடமாக என் ஜன்னலுக்குக் கீழே இது போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது; நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நின்ற கால் தரையைத் தொட்டது. அடுத்த கால் எழுந்தது. காவடிக்காரர் முன்பைவிட மெதுவாக, முன்பைவிட அழுத்தமாக ஆடினார். பின்னால் வந்த பதினோரு காவடியும் அந்த நடைக்கு மாறின. பூக்கடைக்காரம்மா கையில் சரத்தை வைத்துக்கொண்டு, "யாருப்பா அது?" என்றாள். பதினாறு கட்டமும் வரதராஜன் டிரம்பெட்டை உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தபடியே நடந்தார். ஊதவில்லை.

எனக்குக் கண் கலங்கியதைச் சொல்வதில் வெட்கமில்லை.

பாட்டு முடிந்தது. அரோகரா எழுந்து அடங்கியது. செட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த பாட்டை எடுப்பது எப்போதும் மாஸ்டரின் டிரம்பெட்தான். அவர் முதல் அடியை ஊதி, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மற்ற பதிமூன்று பேரும் வரதராஜன் முதுகைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவர் டிரம்பெட்டைத் தூக்கவில்லை. ஜனத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து, எதிர்ப்பக்கம் நின்ற புஷ்பலதாவைத் தேடிப் பிடித்து, விரலைச் சுழற்றி, மறுபடி அதே பாட்டா என்று புருவத்தால் கேட்டார்.

புஷ்பலதா தலையசைத்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் நின்ற பெண்களின் தலைக்கு மேலாக வலது கையை முழுசாக நீட்டி, மாஸ்டரைத் தாண்டி, டிரம்பெட்டுகளைத் தாண்டி, கடைசி வரிசையைக் காட்டினார்.